சம்பந்தப்பட்டவர்கள்

திருச்சியில் அந்த நீண்ட கூடத்தில் சின்னாத்தாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் டில்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி. இந்தப் பக்கம் வரிசையாக வியாபாரிகள், வக்கீல்கள். அவர்களுக்கு நடுவே கதர் ஜிப்பாவில் என் அப்பா. பெண்கள் என்று பார்த்தால் சுவரை ஒட்டி நின்ற நாங்கள் நாலைந்து பேர்தான். அதிகாரி கையைக் காட்டி இரண்டாவது முறையும் உட்காரச் சொன்னார். சின்னாத்தா தலையை மட்டும் ஆட்டினாள். உட்கார்ந்துவிட்டால் சொல்ல வந்தது போய்விடும் என்று பயந்தவள் போல நின்றுகொண்டே இருந்தாள். இன்றைக்கும் இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் படம் செய்தித்தாளில் வந்தால் என்னால் அதைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை. படத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று கண் தேடுகிறது.

சின்னாத்தா என் ஆத்தாவின் தங்கை. விராலிமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, கல்யாணமான சூட்டோடு புருஷனுடன் இலங்கைக்குப் போனவள். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மரத்தைக் கீறிப் பால் வெட்டினார்கள். கண்மாயில் தண்ணீர் நிற்காத வருஷங்களில் எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் போனார்கள். கங்காணி ஊருக்கு வந்து கூட்டிப்போவான். மண்டபம் முகாமில் வைத்து அம்மை குத்தி, கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கல்யாணம் காட்சிக்கு, கோயில் கொடைக்கு, சாவுக்கு என்று வந்து போவார்கள். நடுவில் கடல் இருந்ததே தவிர, அது வேறு ராஜ்யம் என்று யாரும் நினைத்ததில்லை. நாங்களே புதுக்கோட்டை சமஸ்தானத்துக் குடிகள். திருச்சிக்குப் போனால் அது வெள்ளைக்காரன் சீமை. அதையே யாரும் பெரிதாக எண்ணாதபோது கடலை யார் எண்ணப்போகிறார்கள்?

என் தாத்தா படுக்கையில் விழுந்த செய்தி கேட்டுச் சின்னாத்தா கைக்குழந்தையான மகனோடு வந்தாள். மூத்த பெண்ணுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததால் அதைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தாத்தாவின் கருமாதி முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அது தேறட்டும் என்று எங்கள் வீட்டில் தங்கினாள். அந்த நாட்களில்தான் உத்தரவு வந்தது.

இலங்கையில் சர்க்கார் வேலைகளில் இருந்த நம் ஜனங்களைச் சீட்டுக் கிழித்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பதிலடியாக, இனிமேல் கூலி வேலைக்கு ஒருவரும், அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள்கூட, இங்கிருந்து இலங்கைக்குப் போகக்கூடாது என்று டில்லி சர்க்கார் தடை போட்டது. அப்பா அன்றைக்குத் தன் கடலை மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பானகம் கொடுத்தார். "நம்மாளுகள நாயி மாதிரி வெரட்டுனான்ல, இப்ப யார வச்சு மரம் வெட்டுறான்னு பாப்போம்" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னார். அப்பாவுக்கு அது வெறும் அரசியல் இல்லை. கொழும்பில் அவருடைய கூட்டாளி ஒருவரைக் கடைத்தெருவில் அடித்துத் துரத்தியிருந்தார்கள். அந்த அவமானம் தன் கன்னத்தில் விழுந்ததாகவே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சின்னாத்தா தடையை நம்பவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபம் வரைக்கும் போனாள். முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருஷன் இங்கே வந்து கூட்டிப்போகலாம் என்றால், அவன் வந்தாலும் இதே கதிதான். திரும்பிப் போக முடியாது. தோட்டத்தில் பெண் தனியாகிவிடும். இப்படி ஒரு கயிற்றின் இரண்டு முனைகளைப் போல இருவரும் ஆளுக்கொரு கரையில் நின்றார்கள்.

எங்கள் வீட்டில் அவள் இருந்த அந்தக் காலத்தை நினைத்தால் அவள் ஓர் இடத்தில் இருந்ததாக ஞாபகமே இல்லை. சோற்றை நின்றபடி சாப்பிட்டு முடிப்பாள். கிழக்கு வெளுக்கும் முன் எழுந்து, வெட்ட மரம் இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். மலை அடிவாரத்தில் மயில் அகவினால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். தோட்டத்துச் சங்கு ஊதியது போல இருந்தது என்பாள். மதுரை பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், அக்கரையிலிருந்து யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆத்தா திட்டுவாள். "கொஞ்சம் உக்காருடி. நீ நடக்கிற நடைக்கு இந்நேரம் கொழும்புக்கே போயிருக்கலாம்." சின்னாத்தா சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் வாசலுக்குப் போவாள்.

நான் அப்போது திருச்சி மிஷன் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வந்து, விராலிமலைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். மாலையில் அப்பாவோடு உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையைப் படித்து, வீட்டிலுள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லுவது வழக்கம். ஒரு நாள் அப்படிப் படிக்கும்போது அந்தச் செய்தி வந்தது. இந்திய சர்க்காரும் இலங்கை சர்க்காரும் உட்கார்ந்து பேசப்போகின்றன. அதற்கு முன்பாக டில்லியிலிருந்து ஓர் அதிகாரி தெற்கே வந்து, சம்பந்தப்பட்டவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுப்போவார். திருச்சியிலும் ஒரு நாள் இருப்பார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னாத்தா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தப்பட்டவகன்னா யாரு மச்சான்?"

"அதுல யாவாரம் பண்றவுக, கப்பல்காரவுக, வக்கீலுக, சங்கத்துத் தலைவருக. திருச்சி வர்த்தக சங்கத்துல எனக்கும் கடுதாசி வந்திருக்கு. நானும் பேசப்போறேன்."

"எனக்குச் சம்பந்தம் இல்லீங்களா?"

அப்பா கொஞ்சம் தடுமாறிப்போனார். "ஒனக்காகத்தான் பிள்ள நாங்க பேசுறம்" என்றார்.

"என்னன்னு பேசுவீக?"

"மரியாதையா நடத்துறேன்னு அவன் எழுதிக் குடுக்கிற வரைக்கும் ஒரு ஆளையும் அனுப்பக்கூடாதும்போம்."

"அப்ப நான் எப்பப் போறது?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இந்தா பாரு. நீங்க நாலு பேரு போயி, எங்கள அனுப்புங்க அனுப்புங்கன்னு அழுதா அவன் என்ன சொல்லுவான்? பாருங்க, அவுகளே வர ஆசப்படுறாக, நாங்க நல்லாத்தான வச்சிருக்கோம்பான். பேச்சுல நம்ம கை தாழ்ந்துபோகும். கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்."

இந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அதுதான் என்னை இருப்புக்கொள்ளாமல் செய்கிறது. சின்னாத்தா மட்டும் அதை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கது நானு. கை தாழாம இருக்கது நீங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சந்தையன்று அவள் தன்னைப் போலச் சிக்கிக்கொண்ட பெண்களைத் தேடிக் கிளம்பினாள். சுற்றுப்பட்டியில் அப்படிப் பலர் இருந்தார்கள். பிரசவத்துக்கு வந்தவள், மாமியாருக்குப் பால் ஊற்ற வந்தவள், கொழுந்தன் கல்யாணத்துக்கு வந்தவள். எல்லாரும் திருச்சிக்கு வருவதாகச் சொன்னார்கள். அந்த நாள் வந்தபோது பெரும்பாலோரை வீட்டில் விடவில்லை. கடைசியில் எங்கள் இருவரையும் சேர்த்துக் கைவிரல்களுக்குள் அடங்கும் கூட்டம்தான் பஸ் ஏறியது. யுத்த காலம்; பெட்ரோல் கிடையாது; பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடுகிற பஸ். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் துணைக்குப் போனேன். அப்பா அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே, நாங்கள் வரப்போவது தெரியாமல், போயிருந்தார்.

கூடத்தின் வாசலில் ஒரு குமாஸ்தா எங்களை நிறுத்தினான். எந்த ஊர் என்று கேட்டான். சொன்னோம். உடனே கையை விரித்துவிட்டான். "அது சமஸ்தானமாச்சே. நீங்க டில்லி சர்க்கார் பிரஜைகளே இல்ல. புதுக்கோட்டை திவானுக்கு மனுப் போடுங்க. அவர் மூலமா வரணும்."

"கப்பல்ல ஏத்தயில எந்த ராசா ஊருன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே" என்றாள் சின்னாத்தா. "தடுக்கயிலயும் கேக்கல. பேசணும்ங்கும்போது மட்டும் கேக்குறீகளே."

குமாஸ்தா குரலை உயர்த்தினான். கூலிக்காரப் பொம்பளைகளுக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி ஏதோ சொன்னான். அந்தச் சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் ஏறியதைக் கண்டேன். எங்கள் மேல்தான் பாயப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குமாஸ்தாவிடம் திரும்பி, "இது எங்க வீட்டுப் பிள்ள. மரியாதையாப் பேசு" என்றார். பிறகு சின்னாத்தாவைப் பார்க்காமலே, "உள்ள வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தன் வாதத்தைக் குலைக்க வந்தவளைத் தானே கூட்டிக்கொண்டு போன அந்த நடைக்காகவே அப்பாவை நான் எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

அதிகாரி வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. அப்பாவே மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். சின்னாத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை.

"எம்புருசன் அங்கிட்டு இருக்காரு. நான் இங்கிட்டுக் கெடக்கேன். எம்பொண்ணு அங்க தனியா ஒல வச்சுப் பொங்குது. இன்னுங் கொஞ்ச நாளு போனா அதுக்கு எம்மொகம் மறந்துரும். எங்களப் போக விடுங்க."

அப்பா எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார். அழகான ஆங்கிலம். இந்தப் பெண் அந்நிய மண்ணில் துன்பப்பட்டவள் என்றார். தன் குடும்பத்தின் எதிர்காலத்தை நம் சர்க்காரின் கைகளில் ஒப்படைத்திருக்கிறாள் என்றார். கௌரவமான உடன்படிக்கைக்காகக் காத்திருக்கிறாள் என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் சின்னாத்தா சொன்னது அதில் எங்கேயும் இல்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். சின்னாத்தா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"மச்சான் என்னத்தா சொன்னாரு?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார். இருந்தாலும் சொன்னேன். "மரியாத வேணும்னு சொன்னாரு சின்னாத்தா. போகணும்னு சொல்லல."

தமிழ் தெரியாத அதிகாரிக்கு அது எப்படிப் புரிந்ததோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் நீ சொல் என்றார். அப்பா உட்கார்ந்தார். நான் புருஷன், பெண், உலை, முகம், எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னேன். என் ஆங்கிலம் அப்பாவுடையதைப் போல அழகாக இல்லை.

அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு என் மூலமாகக் கேட்டார். "அங்கே உங்களை மரியாதையாக நடத்துவதில்லை என்று காலையிலிருந்து எல்லாரும் சொல்கிறார்களே, அது உண்மையா?"

"உண்மதானுங்க" என்றாள் சின்னாத்தா. "வைவாக. கங்காணி கை நீட்டுவான். லயத்துல ஒத்த அறைக்குள்ள ரெண்டு குடும்பம் அடைஞ்சு கெடப்போம். மரியாத வேணுந்தானுங்க. நீங்க ரெண்டு சர்க்காரும் பேசி அத வாங்கிக் குடுங்க. எத்தன வருசம் வேணும்னாலும் பேசுங்க. அது வரைக்கும் எம்பிள்ள வளராம நிக்குமாங்க?"

நான் மொழிபெயர்த்து முடித்ததும், கடைசி வரிசையில் இருந்த ஒரு வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னார்: "நான் இதை எழுதிக்கொண்டேன். ஆனால் பேசப்போவது நான் இல்லை." அதையும் சின்னாத்தாவுக்குச் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும்போது அப்பாவும் எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தார். முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவில்லை. வழியில் புகை சரியாக வரவில்லை என்று டிரைவர் வண்டியை நிறுத்தி அடுப்பைக் கிளறினான். எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். மற்ற பெண்கள் சந்தோஷமாக இருந்தார்கள்; துரைமார் முன்னால் பேசிவிட்டோம் என்று அவர்களுக்குப் பூரிப்பு. சின்னாத்தா மட்டும் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்தாள். திடீரென்று அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"மச்சான், நான் தப்பாக் கேட்டுப்புட்டேன்."

"என்ன?"

"போக விடுங்கன்னு மட்டுந்தான சொன்னேன். போக வர விடுங்கன்னுல்ல கேட்டிருக்கணும். அக்கா இங்கிட்டு இருக்கா. என்னப் பெத்த ஆத்தா இருக்கா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நான் வர வேணாமா? வந்தா மறுபடி இதே மாதிரி அடைச்சுப்புட்டா?" அவள் பஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அது விராலிமலையை நோக்கி நின்றது. "இத இப்பிடியே திருப்பச் சொல்லுங்க மச்சான். ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. "நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு நான் போயிச் சொல்றேன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் போனார். அதிகாரி சென்னைக்குப் போய்விட்டிருந்தார். அப்பா மண்டியைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் போனார். அங்கே ஏதோ ஒரு ஆபீஸில், விசாரணை முடிந்துவிட்டது, இனி யார் சொல்வதையும் சேர்க்க முடியாது என்றார்களாம். தன் பெயர் அழைப்பில் இருந்ததே என்று வாதாடிப் பார்த்திருக்கிறார். நடையில் ஒரு பெஞ்சில் பொழுது சாயும் வரை உட்கார்த்தி வைத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது ஆத்தாவிடம், "உள்ள ஒக்காந்திருக்கயில தெரியல" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

பேச்சுவார்த்தை நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. நான் மாலை தோறும் படித்துச் சொன்னேன். சின்னாத்தா இப்போது பக்கத்திலேயே நின்று கேட்பாள். தன் பேச்சு எங்காவது வருகிறதா என்று ஆரம்பத்தில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். குழந்தை நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கி, என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அதைத் திருத்தும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு பதற்றம் இருக்கும்.

பிறகு கிழக்கே ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். அங்கத்திய ரப்பர் எல்லாம் அவன் கைக்குப் போனது. யுத்தத்துக்கு ரப்பர் வேண்டும். மிச்சமிருந்தது இலங்கைத் தோட்டங்கள்தான். அதன் பின்னால் கொஞ்ச நாளில் தடை தளர்ந்தது. முன்பு அங்கே வேலை பார்த்து, இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். சின்னாத்தா அன்று திருச்சியில் நின்று சொன்னதாலா, ரப்பருக்காகவா? நான் இந்தக் கேள்வியை வருஷக்கணக்காகப் புரட்டியிருக்கிறேன். ரப்பருக்காகத்தான் என்று அறிவு சொல்லுகிறது. ஆனால் அவள் கேட்டது எதுவோ அது மட்டும், ஒரு நூலும் கூடாமல், அப்படியே வந்திருந்தது. போகலாம். திரும்ப ஊருக்கு வந்தால், மறுபடி போக விடுவோம் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயிலேற்றினோம். பையன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். அப்பாதான் அவனைத் தூக்கிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார். சின்னாத்தா அவர் காலைத் தொட்டாள். "எனக்காக அலஞ்சீகளே மச்சான்" என்றாள். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். ஆத்தா ஜன்னல் கம்பி வழியாகத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நகரத் தொடங்கியபோது, "இனிமே எதுக்காகவும் வந்துறாதடி. பிள்ளைகள விட்டுட்டு நிக்காத" என்றாள். சின்னாத்தா ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பெட்டிக்குள்ளும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பெண்ணுக்கு அவள் முகம் மறந்திருக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். பையன்தான் அப்பனிடம் ஒட்டப் பல நாள் ஆனதாம்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு கோடையில் ஆத்தா காலமானாள். அப்பா இலங்கைக்குத் தந்தி அடித்தார். கூடவே ஆள் மூலமாகவும், வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கருமாதி எல்லாம் முடிந்து, கேகாலையில் கடை வைத்திருந்த எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், மதுரையில் சில நாள் தங்கிவிட்டு ஊருக்கு வந்தவர், துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்தான் சொன்னார். அவர் வந்த அதே ரயிலில் சின்னாத்தாவும் மகளும் தலைமன்னார் வரைக்கும் வந்தார்களாம். கப்பல் நிற்கும் பாலத்தில் இருந்த அதிகாரியிடம் போய், அக்கா செத்துப்போச்சு, போயிட்டு உடனே திரும்பி வரலாமா என்று கேட்டாளாம். போகலாம், திரும்பி வருவதைப் பற்றி நான் சொல்ல முடியாது என்றாராம் அவர். சின்னாத்தா மகளைப் பார்த்தாளாம். பிறகு ஓரமாக ஒதுங்கி மற்றவர்களுக்கு வழி விட்டாளாம்.

"கப்பல் கெளம்புற வரைக்கும் அங்கனயே நின்னுச்சுங்க. மேல இருந்து நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கெளம்புனதும் ரெண்டு பேரும் கரைக்கு எறங்கிப் போயி, கடல்ல தல முழுகுனாக."

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கிட்டுப் பாத்து முழுகுச்சு?"

"இங்கிட்டுப் பாத்துத்தானுங்க" என்றார் அவர்.